புடாபெஸ்டில் ஒரு புதிர்ச் சொல்

"முன்கஸோல்காலட்."

எங்கே, இதை ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்க்கலாம்! நாக்கு சுளுக்கிக்கொண்டால் என்மேல் கோபிக்க வேண்டாம். ஹங்கேரி தேசத்துப் பக்கம் போகிறவர்கள் இந்தச் சொல்லிடமிருந்து தப்புவது கஷ்டம். அந்நாட்டு எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டுங்கள். பாதியில் இந்தச் சொல் வரும். சித்திரக்காரர், வாத்தியக்காரர், வாள் சண்டை வீரர் என்று யாருடைய கதையைக் கேட்டாலும், 1940-ம் வருஷத்தைத் தாண்டியதும் இது எதிரே வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

"இது என்ன சொல்?" என்று கேட்டால், "ராணுவச் சொல்" என்று பதில் வரும். ராணுவச் சொல் என்றால் அதில் துப்பாக்கி இருக்க வேண்டும், பீரங்கி இருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு கத்தியாவது இருக்க வேண்டும் அல்லவா? இதில் ஒன்றும் கிடையாது. அப்படியானால் இதற்கு என்னதான் அர்த்தம்?

புதிரை விடுவிக்க வேண்டுமானால் அது பிறந்த ஊருக்கே போய்விடுவது நல்லது. புறப்படுங்கள், புடாபெஸ்ட் நகரத்துக்கு! பிரயாணச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பக்கங்களைப் புரட்டும் சிரமம் ஒன்றுதான் உங்களுடையது.

பயமுறுத்தாத மொழி

முதலில் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹங்கேரியைச் சுற்றிலும் ஜெர்மன் மொழியும் ஸ்லாவிய மொழிகளும் ருமேனிய மொழியும் பேசுகிறார்கள். நடுவிலே ஹங்கேரிய மொழி மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதன் உற்றார் உறவினர் எல்லாம் வடக்கே பின்லாந்திலும் எஸ்டோனியாவிலும் ருஷ்யாவின் மூலைகளிலும் இருக்கிறார்கள். ஐரோப்பியப் பிரயாணிகளே அந்த மொழியைக் கண்டால் நடுங்குவார்கள்.

தமிழ் பேசும் நமக்கு அவ்வளவு நடுக்கம் தேவையில்லை. "ஹாஸ்" என்றால் வீடு. "ஹாஸ்பன்" என்றால் வீட்டில். "ஹாஸம்பன்" என்றால் என் வீட்டில். நாம் வீடு, வீட்டில், வீட்டிலிருந்து என்று வாலைச் சேர்த்துக்கொண்டே போவதுபோல அவர்களும் போகிறார்கள். பெயர் எழுதும்போது குடும்பப் பெயரை முன்னால் வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னால் வைப்பது அவர்கள் வழக்கம். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இதுவும் பழகிய காரியம்தான்.

ஆகவே, துணிந்து நம் சொல்லை இரண்டாக வெட்டுவோம். "முன்க" ஒரு துண்டு. "ஸோல்காலட்" இன்னொரு துண்டு.

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய அகராதி போதும். "முன்க" என்றால் வேலை, உழைப்பு. "ஸோல்காலட்" என்றால் சேவை, ஊழியம். இரண்டையும் சேர்த்தால் "உழைப்புச் சேவை." அடடா, எவ்வளவு அழகான சொல்! ஊர் கூடிக் குளம் வெட்டுவதும், மாணவர்கள் கிராமத்துக்குப் போய்ச் சாலை போடுவதும் கண்முன் வரவில்லையா? "சிரமதானம்" என்று மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றும்.

அப்படிச் செய்தால் அகராதி கோபித்துக்கொள்ளாது. சரித்திரம் கோபித்துக்கொள்ளும்.

நூறும் சட்டமும்

இந்தச் சொல்லோடு சேர்ந்து எப்போதும் இரண்டு சொற்கள் நடமாடுகின்றன. அவற்றையும் விசாரிப்போம்.

ஒன்று "ஸாஸட்." "ஸாஸ்" என்றால் நூறு. வெகு காலத்துக்கு முன் ஈரானிய மொழிகளிலிருந்து ஹங்கேரியர் வாங்கிக்கொண்ட சொல் இது. சம்ஸ்கிருதத்தில் "சதம்" என்று சொல்லி, நாம் "சதவீதம்" என்று எழுதுகிறோமே, அதற்கு இது தூரத்துச் சகோதரி. "ஸாஸட்" என்றால் நூற்றில் ஒரு பங்கு. நூற்றாண்டு என்றும் பொருள். ராணுவத்தில் சொன்னால் ஒரு கம்பெனி சிப்பாய்கள். ஆகவே "முன்கஸாஸட்" என்று படிக்கிறவர் "உழைப்பின் நூற்றாண்டு" என்று பெருமையாக மொழிபெயர்த்து வைத்தால் ஆச்சரியம் இல்லை. உண்மையில் அது உழைப்புக் கம்பெனி. மண் வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய கம்பெனி.

இன்னொரு சொல் "கெரெட்." சுவரில் மாட்டும் படத்துக்குச் சட்டம் போடுகிறோமே, அந்தச் சட்டம்தான் கெரெட். ராணுவத்தில் அதற்கு ஒரு தனி அர்த்தம். உழைப்புக் கம்பெனியைச் சுற்றிலும் துப்பாக்கியோடு நின்று அதை நடத்தும் அதிகாரிகளும் காவல் சிப்பாய்களும் சேர்ந்தது கெரெட். நடுவில் ஆயுதம் இல்லாதவர்கள். நாலு பக்கமும் ஆயுதச் சட்டம்!

இங்கேதான் சற்று நெஞ்சு திடுக்கிடுகிறது. குளம் வெட்டும் சேவைக்கு இப்படி ஒரு சட்டம் எதற்கு?

நம் பாஷையில் சட்டம் என்றால் படத்துக்குப் போடுவதும் உண்டு, சர்க்கார் போடுவதும் உண்டு. இனி இரண்டாவது வகையைப் பார்க்க வேண்டும்.

1939-ம் ஆண்டில் ஹங்கேரி சர்க்கார் தேசப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைச் செய்தது. 21 வயது நிறைந்தும் ஆயுதம் தாங்கும் சேவைக்குத் தகுதியில்லாதவர்களைப் "பொதுநல உழைப்புச் சேவை"க்கு அழைக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. கண்பார்வை குறைந்தவரும் கால் ஊனமானவரும் சண்டை போட முடியாது. வேறு வேலை செய்யட்டுமே!

ஆனால் யுத்தம் மூண்டபின், "தகுதி" என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. நல்ல திடகாத்திரமான வாலிபர்களெல்லாம் தகுதியில்லாதவர்கள் ஆனார்கள். காரணம் அவர்கள் யூதர்களாகப் பிறந்தது. சர்க்காருக்குப் பிடிக்காத அரசியல்காரர்களும் சிறுபான்மை இனத்தாரும்கூட இந்தக் கம்பெனிகளில் தள்ளப்பட்டார்கள். பெருந்தொகையினர் யூதர்கள்தான். முதலில் ராணுவ உடுப்புக் கொடுத்தார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். சொந்தச் சட்டை, சொந்தப் பூட்ஸ், தலையில் மட்டும் ஒரு ராணுவத் தொப்பி. கையில் மஞ்சள் பட்டை. கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்துவிட்டவராயிருந்தால் பட்டை வெள்ளை. வண்ணம் மாறினாலும் மண்வெட்டி மாறவில்லை.

சகோதரிகளே, அந்த வீடுகளின் நிலைமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். படைக்கு ஆள் கூப்பிடும் அவசரச் சீட்டு ஒன்று வரும். அதன்மேல் மூன்று எழுத்து. "அவசரம், உடனே, விரைந்து வா" என்ற மூன்று ஹங்கேரியச் சொற்களின் முதல் எழுத்துக்கள் அவை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் "ஷஷ்" என்று ஆகும். ஹங்கேரிய மொழியில் "ஷஷ்" என்றால் கழுகு! கழுகு வந்து இறங்கிய வீட்டில் மனைவிமார் என்ன செய்வார்கள்? பழைய பூட்ஸைத் தைக்கக் கொடுப்பார்கள். கம்பளிச் சட்டையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகுப்பையில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று தவிப்பார்கள். சர்க்கார் கொடுக்காத உடுப்பை அவர்கள்தானே தேடிக் கொடுக்க வேண்டும்?

டான் நதிக்கரைப் பனி

1942-ல் ஹங்கேரியின் இரண்டாவது படை, ஏறக்குறைய 2 லட்சம் பேர், ருஷ்யாவில் டான் நதிக்கரைக்கு அனுப்பப்பட்டது. அதோடு பல்லாயிரக்கணக்கான உழைப்புச் சேவைக்காரர்களும் போனார்கள். பதுங்கு குழி தோண்டுவது, சாலையில் உறைந்த பனியை வாருவது, பீரங்கிக் குண்டுகளைச் சுமப்பது அவர்கள் வேலை. பூமியில் புதைத்திருந்த கண்ணிவெடிகளை அகற்றவும் அவர்களையே அனுப்பினார்கள். அதற்கு வேண்டிய கருவியும் பயிற்சியும் பலருக்குக் கொடுக்கப்படவில்லை. 1943 ஜனவரியில் ருஷ்யப் படை பாய்ந்தபோது ஹங்கேரியப் படை சிதறிப் போயிற்று. துப்பாக்கி வைத்திருந்தவர்களே பனியில் விழுந்து மடிந்தார்கள் என்றால், மண்வெட்டி வைத்திருந்தவர்கள் கதியைச் சொல்ல வேண்டுமா?

தொடர்கதை வாசிக்கும் நமக்கு ஒருவரை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அவர் பெயர் ரெய்தோ யெனோ. "பி. ஹாவர்ட்" என்ற புனைபெயரில் கப்பல் மாலுமிகளையும் அந்நியப் படை வீரர்களையும் வைத்து வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் நாவல்களை மளமளவென்று எழுதித் தள்ளினவர். மலிவு விலைப் புத்தகங்கள். ரயில் வண்டியில் வாங்கிப் படிக்கிறவை. ஹங்கேரியில் இன்றும் தாத்தா படித்துச் சிரித்ததைப் பேரன் படித்துச் சிரிக்கிறான். ரெய்தோ 1943 ஜனவரி 1-ம் தேதி ருஷ்யப் பனியில் உழைப்புச் சேவையில் இறந்து போனார். அதே மாதத்தில் அதே சேவையில் இறந்த இன்னொருவர் பெட்ஷாவர் அட்டிலா. 1928-ல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வாள் சண்டைக் குழுவில் ஹங்கேரிக்காகத் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் அவர். தேசத்துக்காக வாள் பிடித்தவரைத் தேசமே "ஆயுதம் ஏந்தத் தகுதியில்லாதவர்" என்று சொல்லிவிட்டது!

இப்போது சிறிய அகராதியை மூடிவிட்டு, சொற்கள் பிறந்த வழியைச் சொல்லும் பெரிய அகராதியைத் திறக்கலாம். "முன்க" என்ற சொல் ஹங்கேரியரின் சொந்தச் சொல் அல்லவாம். பக்கத்து ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அர்த்தம் வேதனை, சித்திரவதை! "ஸோல்காலட்" என்பதன் வேர் "ஸோல்க." அதுவும் ஸ்லாவியரிடமிருந்து வந்ததுதான், பொருள் வேலைக்காரன். பல நூறு வருஷப் புழக்கத்தில் வேதனை என்பது வேலை என்று சாதுவாகிவிட்டது. 1939-ல் சட்டம் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். சொல் மட்டும் தன் பூர்வீகத்துக்குத் திரும்பிவிட்டது.

நிழல் தந்த சொல்

புதிர் இதோடு தீர்ந்தது என்று நினைத்தீர்களானால், இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது.

1942 செப்டம்பரில் நாஜ் வில்மோஷ் என்ற தளபதி பாதுகாப்பு மந்திரியாக வந்தார். உழைப்புக் கம்பெனிகளில் நடப்பதைக் கேட்டு அவர் மனம் பதறினார். அடிக்காதே, பட்டினி போடாதே, நோயாளியை வீட்டுக்கு அனுப்பு என்று உத்தரவுகள் போட்டார். எதிரிகள் விடவில்லை, 1943 ஜூனில் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1965-ல் இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் நினைவு நிலையம் "உலகத்தாரில் நேர்மையாளர்" என்று அவரைக் கௌரவித்தது.

1944 மார்ச் 19-ம் தேதி ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், தலைநகருக்கு வெளியே வாழ்ந்த யூதர்களில் சுமார் 4,37,000 பேரை ரயிலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ். கிழவர், குழந்தை, தாய் என்ற பேதம் இல்லை. அந்தச் சமயத்தில் உழைப்புக் கம்பெனியில் இருந்த ஆண்களோ ராணுவ மந்திரியின் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களில் மிகுதியானவர்கள் அந்த ரயில்களில் ஏற்றப்படவில்லை. நேற்று வரை எமனாக இருந்த "முன்கஸோல்காலட்" சீட்டு, அந்தச் சில வாரங்கள் பலருக்கு உயிர்ச் சீட்டாக மாறிவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். மண்வெட்டி பிடித்தவன் திரும்பி வந்து வெறும் வீட்டைப் பார்த்தான். இதைப் பாக்கியம் என்பதா, வேறென்ன என்பதா?

அந்த நிழலும் நீடிக்கவில்லை. 1944 அக்டோபர் 15-க்குப் பிறகு அம்புச் சிலுவைக் கட்சி என்ற கொடிய கூட்டம் ஆட்சியைப் பிடித்தது. இப்போது பெண்களையும் "உழைப்புச் சேவை"க்குக் கூப்பிட்டார்கள். நவம்பர்க் குளிரில் ஆஸ்திரிய எல்லையை நோக்கி அவர்களைக் கால்நடையாக நடத்திச் சென்றார்கள்.

இரண்டாம் நம்பர் டிராம்

இத்தனை தெரிந்துகொண்ட பிறகு, வாருங்கள், டான்யூப் நதிக்கரையில் சற்று நடப்போம். நதிக்கு மேற்கே குன்றுகளும் கோட்டையுமாகப் புடா. கிழக்கே சமவெளியில் பெஸ்ட். 1873-ல் இந்த இரண்டும் பழைய புடாவும் சேர்ந்துதான் ஒரே நகரமாயின.

பார்லிமெண்டுக் கட்டடத்தின் கோபுரம் 96 மீட்டர் உயரம். ஆயினும் அதற்குச் சற்றுத் தெற்கே, ஆற்றின் விளிம்பில், தரையோடு தரையாக இருப்பதுதான் நம் கண்ணை இழுக்கிறது. அறுபது ஜோடிச் செருப்புகள்! ஆணுடையது, பெண்ணுடையது, குழந்தையுடையது. எல்லாம் இரும்பில் வார்த்தவை. 1944-45 குளிர்காலத்தில் அம்புச் சிலுவைக்காரர்கள் மனிதர்களை இந்தக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அதன் நினைவாக 2005-ல் வைத்தது இது. யாரோ ஒருவர் ஒரு குழந்தைச் செருப்புக்குள் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கரையோரமாகவே மஞ்சள் நிறத்து 2-ம் நம்பர் டிராம் வடக்கே ஓடுகிறது. அது போய் நிற்கும் கடைசி நிலையத்துக்கு யாஸாய் மாரி சதுக்கம் என்று பெயர். நம் ஊர் மாரி இல்லை. 1926-ல் காலமான பெரிய நாடக நடிகை அவர். சதுக்கத்திலிருந்து பிரியும் தெருவின் பெயர் போஷோன்யி வீதி. அதில் முதலாம் நம்பர்க் கட்டடத்தின் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நம் புதிருக்கு விடை இந்த வீட்டில்தான் இருந்தது.

முதலாம் நம்பர் வீடு

1935 ஆகஸ்டில் கல்யாணமான ஓர் இளம் தம்பதிகள் இங்கே குடி வந்தார்கள். கணவர் ராட்னோட்டி மிக்லோஷ், வயது 26, கவிஞர். அவர் பிறந்த அன்றே தாயும், உடன் பிறந்த இரட்டைச் சகோதரனும் இறந்து போனார்கள். காஃப்கா மார்கிட் என்ற பெண் எழுத்தாளரைப் பற்றி ஆராய்ச்சி செய்து 1934-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். யூதராகப் பிறந்ததால், ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. மனைவி ஃபன்னி. அவருடைய தகப்பனார் சுருக்கெழுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். நம் ஊர்த் தெருக்களில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் பள்ளிகள் இருந்தனவே, அந்த மாதிரி. சுருக்கெழுத்து ஃபன்னிக்குக் கைவந்த கலை. கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் ஒரு டயரி எழுதத் தொடங்கினார், சுருக்கெழுத்திலேயே.

கழுகு இந்த வீட்டில் மூன்று முறை இறங்கிற்று. 1940 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஒரு தடவை. 1942 ஜூலையிலிருந்து ஏறக்குறைய பத்து மாதம் ஒரு தடவை. 1943 மே மாதத்தில் கணவனும் மனைவியும் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். ஆகவே மூன்றாம் முறை, 1944 மே மாதம், கவிஞர் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

இந்தத் தடவை அனுப்பிய இடம் ஸெர்பியா நாட்டில் இருந்த போர் என்ற ஊர். வேடிக்கையைப் பாருங்கள்: ஸெர்பிய மொழியில் "போர்" என்றால் பைன் மரம். ஹங்கேரிய மொழியில் "போர்" என்றால் திராட்சை மது. தமிழில் எழுதினால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றில் நம் அர்த்தம்தான் அந்த ஊருக்குப் பொருந்திற்று. அங்கே ஜெர்மானியருக்கு வேண்டிய தாமிரச் சுரங்கங்கள் இருந்தன. சுமார் 6,000 ஹங்கேரிய உழைப்புச் சேவைக்காரர்கள் சுரங்கத்திலும் ரயில் பாதை போடுவதிலும் வேலை செய்தார்கள். மலைமேல் ஒரு முகாமில் இருந்த ராட்னோட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைச் சம்பாதித்துக்கொண்டார். பகலில் கல்லை உடைத்துவிட்டு அதில் கவிதை எழுதினார்.

1944 செப்டம்பரில் முகாமைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. இரண்டு கூட்டமாகப் பிரித்து ஹங்கேரிக்கு நடத்திப் போவதாக ஏற்பாடு. முதல் கூட்டத்தில் போனால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் அல்லவா? ராட்னோட்டி முயன்று முதல் கூட்டத்தில் இடம் பிடித்துக்கொண்டார். தம் கவிதைகள் சிலவற்றைப் பிரதி எடுத்து, பின்தங்கிய தோழர் ஒருவரிடம் கொடுத்து வைத்தார். செப்டம்பர் 17-ம் தேதி முதல் கூட்டம் புறப்பட்டது, 3,000-க்கும் மேற்பட்டவர்கள்.

விதியின் கணக்கு வேறாக இருந்தது. சில நாள் கழித்துக் கிளம்பிய இரண்டாவது கூட்டத்தைக் காட்டில் இருந்த கெரில்லாப் படையினர் மடக்கி விடுதலை செய்துவிட்டார்கள். கவிதைப் பிரதிகளோடு அந்தத் தோழர் பிழைத்தார். முதல் கூட்டத்தாரோ வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். செர்வென்கா என்ற ஊரில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அப்படியும் ராட்னோட்டி நடந்தார், நடந்துகொண்டே எழுதினார். சின்னச் சின்னக் கவிதைகள் நான்குக்கு "ராஸ்க்லெட்னிஸா" என்று பெயர் வைத்தார். ஸெர்பிய மொழியில் அதற்குப் "படக் கார்டு" என்று அர்த்தம். வெளியூர் போனவர்கள் வீட்டுக்குப் போடுவார்களே, அந்தக் கார்டு! கடைசிக் கார்டில் போட்ட தேதி 1944 அக்டோபர் 31. தபாலில் சேர்க்க வழியில்லாத கார்டு.

நவம்பர் முதல் பாதியில், தியோர் நகரத்தை அடுத்த அப்டா என்ற கிராமத்தருகே, இனி நடக்க முடியாத 22 பேரை வண்டியில் கொண்டுவந்து, ஒரு குழியின் ஓரத்தில் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் அந்நியர்கள் அல்ல. அவர்களுடைய சொந்தக் "கெரெட்". அதே ஹங்கேரிய மொழி பேசிய காவல் சிப்பாய்கள். அந்த 22 பேரில் ராட்னோட்டியும் ஒருவர். அவருக்கு வயது 35.

1946 ஜூனில் அந்தக் குழியைத் தோண்டினார்கள். ஒரு சடலத்தின் கோட்டுப் பையில் அந்தச் சின்ன நோட்டு இருந்தது. அது மண்ணின் ஈரத்தில் ஊறியிருந்தது. முதல் பக்கத்தில் ஐந்து மொழிகளில் ஒரே வேண்டுகோள்: இதில் ஒரு ஹங்கேரியக் கவிஞனின் கவிதைகள் இருக்கின்றன, கண்டெடுப்பவர் புடாபெஸ்டில் இன்னாருக்கு அனுப்பி வைக்க வேண்டும். எந்த நாட்டான் கையில் அகப்படுவோமோ என்று யோசித்து, ஹங்கேரியன், ஸெர்பியன், ஜெர்மன், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று எழுதி வைத்திருந்தார்! நோட்டில் பத்துக் கவிதைகள். இன்று ஹங்கேரியப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைப் படிக்கிறார்கள்.

கதவில் ஒரு பெயர்

ஃபன்னி மறைந்து வாழ்ந்து உயிர் தப்பியிருந்தார். கணவரின் உடலைப் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். பிறகு போஷோன்யி வீதி முதலாம் நம்பர் வீட்டுக்கே திரும்பிப் போனார். மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. உலகம் முழுவதும் கணவரின் கவிதைகளைக் கொண்டாடிற்று; அவரைப் பேட்டி காணப் பலர் முயன்றார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

சர்க்கார்கள் மாறின. 1951 முதல் 1956 வரை கம்யூனிஸ்டு ஆட்சியிலும் பணக்கார விவசாயிகளின் பிள்ளைகள், பழைய அதிகாரிகளின் பிள்ளைகள் என்று "நம்பத்தகாத" வாலிபர்களைப் படையில் சேர்த்து, துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி கொடுத்தார்கள். ஜனங்கள் அவர்களுக்குப் புதிய பெயர் தேடவில்லை. பழைய சொல்லையே சுருக்கி "முஸோஷ்" என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சொல் மறுபடியும் நடமாடிய வருஷங்களில் ஃபன்னியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்!

அவருடைய வீட்டுக் கதவில் ஒரு பெயர்ப் பலகை இருந்தது. "டாக்டர் ராட்னோட்டி மிக்லோஷ்." இளம் கணவராக அவர் குடி வந்த வீட்டின் பெயர்ப் பலகை. கணவர் போய் 69 வருஷங்கள் ஆன பிறகும் அது அங்கேயே இருந்தது. 2014 பிப்ரவரி 15-ம் தேதி, தமது 101-வது வயதில், ஃபன்னி காலமானார். அதே வருஷத்தில் அவருடைய டயரி இரண்டு பெரிய புத்தகங்களாக வெளிவந்தது. 1935 முதல் 1946 வரை சுருக்கெழுத்தில் எழுதிய குறிப்புகளை எழுத்து எழுத்தாக விரித்து அச்சிட்டார்கள். கழுகு வந்த நாள், முதுகுப்பை கட்டிய நாள், கடிதம் வராத நாள் எல்லாம் அதில் இருக்கின்றன.

நேயர்களே, நம் சொல்லுக்கு அர்த்தம் கிடைத்துவிட்டதா? சின்ன அகராதி "உழைப்புச் சேவை" என்றது. சட்டப் புத்தகம் "பொதுநலம்" என்றது. பெரிய அகராதி "வேதனை" என்று காதோடு சொல்லிற்று. மொழிபெயர்ப்பவர்கள் வழக்கமாக "கட்டாய உழைப்புப் படை" என்று எழுதுவார்கள்; அது தவறில்லை. நானாக இருந்தால் "ஆயுதமில்லாமல் ஆயுதத்தின் நடுவே நிறுத்தப்பட்டவர்கள்" என்று எழுதுவேன். நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருக்கமாகவும் அழகாகவும் சொன்னதால் வந்த வினைதானே இவ்வளவும்!

புடாபெஸ்டுக்குப் போக நேர்ந்தால், ஊரின் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கெரெபெஷி என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரிய மரங்கள், அமைதியான பாதைகள். ராட்னோட்டியின் சமாதி அங்கேதான். ஃபன்னியையும் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். வாசலில் பூ விற்பார்கள். போகிறவர்கள் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு போங்கள்.